மாப்பிள்ளை இடம் மாறினார்

என் அக்கா வீட்டுக்காரரின் நெஞ்சுக்குள் ஒரு மாப்பிள்ளை குடியிருந்தார். அக்காவுக்குப் பெண்ணும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. மாப்பிள்ளை என்று மாமா சொன்னது பேஸ்மேக்கரை. இதயம் ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று போன வருஷம் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒன்றை வைத்து, அதிலிருந்து ஒயரை இதயத்துக்குள் இறக்கி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்றே மாமா அதற்குப் பெயர் வைத்துவிட்டார்.

"மாப்பிள்ளைதான் மச்சான். வீட்டோட வந்து உக்காந்துட்டாரு. இடிக்கக் கூடாது, அதட்டக் கூடாது, மேல கனமா எதையும் வைக்கக் கூடாது. அவரு நடத்துறபடிதான் நாம நடக்கணும். வேற என்ன பேரு வைக்கிறது, சொல்லு."

நான் அவருக்கு மச்சான், அவர் எனக்கு மாமா. ஒரே தையல் கடையில் நான் வெட்டுவேன், அவர் தைப்பார், அக்கா முன்பக்கம் உட்கார்ந்து பொத்தான் வைத்துக்கொண்டே எங்கள் இருவரையும் திட்டுவாள். கடைக்கு ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு நீளமேசை, ஜன்னலோரம் மாமாவின் மெஷின், ஆளுயரக் கண்ணாடி, திரை போட்ட ஒரு மூலை. தெருவில் பேருந்து பிரேக் போட்டால் எங்கள் கத்தரிக்கோல்கள் மேசையில் குதிக்கும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். சுத்தப் பொய். எனக்கு உடம்பு முழுக்கக் கோபம்தான்.

கோபப்படாமல் எப்படி இருப்பது? நான் ஒரு நூலிழை பிசகாமல் வெட்டிக் கொடுப்பேன். மாமா அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, "கழுத்து கொஞ்சம் இறங்கியிருக்கே" என்பார். கழுத்து இறங்கியிருக்காது. இருபது வருஷமாக எந்தக் கழுத்தும் இறங்கியதில்லை. ஆனால் அவர் அதைச் சொல்லாமல் மெஷினில் கால் வைக்க மாட்டார். நானும் பதிலுக்கு, "தைக்கிற கை நடுங்கினா கழுத்து இறங்கத்தான் செய்யும்" என்பேன். இது எங்கள் காலை வணக்கம்.

எங்கள் இருவர் உடுப்பும் ஒன்றுதான். கழுத்தில் டேப், காதில் துணியில் கோடு போடும் சாக்கட்டி, சட்டையின் இடது நெஞ்சில் வரிசையாகக் குண்டூசி. வலதுகைக்காரன் வேறு எங்கே குத்துவான்? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கை அங்கேதான் போகும். கண் போக வேண்டிய அவசியமே இல்லை.

அந்தச் சமயம் ஒரு பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியக் குழுவுக்குச் சிவப்புக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தோம். தோளில் பொன்னிறக் குஞ்சம், இரண்டு வரிசைப் பொத்தான் என்று பெரிய வேலை. மாமா கொஞ்ச நாளாகத் தொளதொளவென்று சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மதியமானால் வியர்த்துக் கொட்டியது. கேட்டால், "வெயில்" என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பேண்டு மாஸ்டரும் மாமாவும் ஒரே உடல்வாகு. அதனால் முதல் கோட்டை மாமாவுக்கே போட்டுப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நிறுத்தி, தோளைச் சரிசெய்து, இடது பக்கம் பாக்கெட்டுக்கு அடையாளம் வைக்கச் சாக்கட்டியை அழுத்தினேன்.

"ஐயோ!" என்று மாமா துள்ளினார்.

"என்ன ஆச்சு? சாக்கட்டிதானே மாமா, கடப்பாரையா?"

"ஒண்ணுமில்ல. மாப்பிள்ளைக்குக் கூச்சம்."

சிரிக்கத்தான் பார்த்தார். ஆனால் உதடு வெளுத்திருந்தது. நான் கோட்டைப் பிரித்து, சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். கழற்றும்போதே கை சுட்டது. பேஸ்மேக்கர் இருந்த இடம் சிவந்து வீங்கி, தோல் பளபளவென்று மெலிந்து நின்றது.

"எத்தன நாளா இது?"

"அது கிடக்கட்டும்."

"எத்தன நாளா, மாமா?"

"ஜுரம் வந்தா மாத்திரை போட்டுக்குவேன். போயிடும். திரும்பி வரும். மறுபடி போட்டுக்குவேன்."

நான் போட்ட கூச்சலில் அடுத்த கடையில் பூட்டுக்குச் சாவி செய்யும் சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். அக்கா எழுந்து வந்தாள். சட்டையை விலக்கிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கையிலிருந்த பொத்தான்களை மேசையில் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, வாசலுக்குப் போய் டாக்சியை நிறுத்தினாள். அக்கா கத்தினால் விஷயம் சின்னது என்று அர்த்தம். நான் கூச்சலை நிறுத்திவிட்டு மாமாவைக் கைத்தாங்கலாக டாக்சியில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், தொண்டை வழியாக ஒரு குழாயை விட்டு இதயத்தைப் படம் பிடித்தார்கள். எல்லாம் முடிந்து மறுநாள் இதய டாக்டர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும் பெண்மணி, சிரித்த முகம், பேனாவைக் காதில் செருகியிருந்தார். அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் ஒரு தோள் மட்டும் சரிந்து கிடந்தது. ஜுரத்திலும் மாமாவின் கண் அங்கேதான் போனது. போகாதா பின்னே, எனக்கே போனதே.

"மாஸ்டர், நேரா சொல்றேன்," என்றார் டாக்டர். கடையில் மாஸ்டர் என்று கூப்பிடப்படுகிறவன் நான். இருந்தாலும் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டேன். "பேஸ்மேக்கர் இருக்கிற இடத்துல கிருமி புகுந்திருக்கு. அது ஒயரைப் பிடிச்சுக்கிட்டே உள்ள போயிடுச்சு. இதயத்துல ஒரு வால்வு மேல சின்னதா கூடு கட்டியிருக்கு."

"மருந்து குடுங்க டாக்டரம்மா, போயிடும்," என்றார் மாமா.

"மருந்து குடுப்போம். ஆனா மருந்து மட்டும் பத்தாது. பெட்டி, ஒயர் ரெண்டு மேலயும் கிருமி படிஞ்சு ஒட்டிக்கும். அங்க மருந்து சரியா வேலை செய்யாது. அதனால எல்லாத்தையும் வெளிய எடுக்கணும். அப்புறம் ரத்தம் சுத்தமானதும் வேற இடத்துல புதுசு வைக்கலாம்."

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். "எடுக்க வேண்டாம்," என்றார்.

"எடுக்கலன்னா கிருமி போகாது மாஸ்டர். உயிருக்கு ஆபத்து."

"எடுத்தா மட்டும்? அது வர்றதுக்கு முன்னாடி நான் மெஷின் மேலயே மயங்கி விழுந்தேன். இவங்கதான் தூக்கினாங்க. இப்ப மாப்பிள்ளை வெளிய போனா, நானும் கூடவே போயிடுவேன். அதான் வீக்கத்தக் காட்டல. காட்டினா புடுங்கிடுவீங்கன்னு தெரியும்."

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. வேலை கெடும் என்றோ, அக்கா திட்டுவாள் என்றோ அவர் மறைக்கவில்லை. வாழ வேண்டும் என்ற ஆசையில்தான் அந்த மனுஷன் சாகக் கிடந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இரண்டும் வந்தால் என்னிடமிருந்து ஆத்திரம்தான் வெளியே வரும்.

"பயில்வான் மாதிரி பேசுவீங்க, ஒரு டாக்டர்கிட்ட வாயத் திறந்து கேக்க முடியல! உள்ள எப்படி வந்துச்சாம் கிருமி? கதவத் தட்டிட்டா வந்துச்சு?" என்று கட்டிலின் மேல் குனிந்து கத்தினேன்.

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றார் டாக்டர். "அந்த இடத்துல அடி பட்டுச்சா? கீறல், காயம், ஏதாவது குத்தினது?"

"ஒண்ணுமே இல்ல," என்றார் மாமா.

"ஒண்ணுமே இல்ல," என்றாள் அக்கா.

"பொத்திப் பொத்தித்தான் வச்சிருந்தோம் டாக்டர். காத்துகூட மேல படல," என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்தார்.

"அது என்ன?"

"எது?"

"உங்க சட்டையில."

குனிந்து பார்த்தேன். இடது நெஞ்சில் குண்டூசிகள். கடையிலிருந்து வரும்போது எடுக்கவில்லை. எடுப்பது எப்போதும் கிடையாது.

"குண்டூசி டாக்டர். கைக்கு எட்டுற மாதிரி..."

சொல்லும்போதே என் கண் மாமா பக்கம் திரும்பியது. மாமாவின் வலது கை தானாக எழுந்து இடது நெஞ்சுக்கு வந்து, பேஸ்மேக்கருக்கு நேர் மேலே நின்றது. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

"சில சமயம் சுருக்குனு இருக்கும்," என்றார் மாமா மெதுவாக. "குண்டூசிதானேன்னு விட்டுடுவேன்."

மாப்பிள்ளைக்காகக் கடையில் என்னென்ன செய்திருந்தோம்! இஸ்திரிப் பெட்டியைத் தள்ளி வைத்தோம். துணி மூட்டையை நான் தூக்கினேன். கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்க விடவில்லை. கண்ணெதிரே மாமா அந்த இடத்திலேயே நாள் முழுக்க ஊசி குத்திக்கொண்டிருந்ததை மூன்று பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. தையல்காரன் நெஞ்சில் ஊசி இருப்பதைத் தையல்காரன் எப்படிப் பார்ப்பான்? முகத்தில் மூக்கு இருப்பதை யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறோமா?

"இதுதான் காரணம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது," என்றார் டாக்டர். "ஆனா தோலைத் தாண்டி உள்ள போக ஒரு சின்ன ஓட்டை போதும்." அவர் வந்த சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அதைப் பார்த்து அக்காவுக்கு வந்துவிட்டது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியாத ஒன்று. அது முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கிறேன். லைனிங் உளுத்துப்போன கோட்டு ஒண்ணு வருது. மேல ஒட்டுப்போட்டுத் தைச்சுக் குடுப்பீங்களா?"

மாமா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"நம்ம கடையில பாதி பிரிச்சிட்டுப் பாதிய விட்டா என்ன சொல்லுவீங்க? இவனை எத்தன தடவ உக்காத்தி வச்சுப் பிரிக்கச் சொல்லியிருக்கீங்க!"

"ஒரு இழை விடாமப் பிரிக்கணும்," என்று சுவரைப் பார்த்தபடியே முனகினார்.

"அப்ப உங்களுக்கு மட்டும் ஒட்டுப்போட்டாப் போதுமா?"

மாமா திரும்பினார். டாக்டரைப் பார்த்தார். "நடுவுல? பழசு போயி புதுசு வர்ற வரைக்கும் என் நெஞ்ச யாரு நடத்துவாங்க?"

"அதை முன்னாடியே கேட்டிருக்கலாமே மாஸ்டர்! கழுத்து வழியா தற்காலிகமா ஒரு ஒயர் விட்டு, வெளிய இருந்தே நடத்துவோம். ஒரு நிமிஷம்கூட உங்கள சும்மா விட மாட்டோம்."

"கச்சாத்தையல் மாதிரியா?"

"அப்படின்னா?"

"நல்ல தையல் போடுற வரைக்கும் துணி விலகாம இருக்க, கையால போட்டு வைக்கிறது."

"அதேதான்," என்றார் டாக்டர்.

மாமா நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அப்ப சரி. பிரிச்சிடுங்க."

ஆபரேஷன் நடந்தபோது நானும் அக்காவும் நீள வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பழைய ஒயர் இதயத்தோடு ஒட்டியிருக்கும், எடுக்கும்போது கிழிந்துவிடும் ஆபத்து உண்டு, அதற்கும் தயாராகத்தான் உள்ளே ஆள் நிற்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கழுத்திலிருந்த டேப்பைச் சுருட்டினேன், பிரித்தேன், மறுபடி சுருட்டினேன். இனிமேல் யார் என் கழுத்து இறங்கியிருக்கிறது என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து இடம் விடும்படி அழுதேன்.

"இப்ப எதுக்குடா ஒப்பாரி? அவருக்கு ஒண்ணும் ஆகாது. பிரிக்கச் சொன்னாருல்ல, பிரிச்சிட்டுத்தான் வருவாரு," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு என் முழங்கையை அவள் பிடித்த பிடியில் விரல் அடையாளம் மாலைவரை இருந்தது.

கதவு திறந்தது. டாக்டர் வந்தார். முகமூடியைக் கீழே இழுத்ததும் சிரிப்பு தெரிந்தது.

"முழுசா வந்துடுச்சு. ஒரு துண்டு விடல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத் தையல் வருமா?" என்று கேட்டாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்து வந்த வாரங்களை ஆஸ்பத்திரி மறக்காது. நரம்பில் மருந்து ஏற ஏற ஜுரம் விட்டது. ஜுரம் விட்டதும் மாமாவுக்கு வாய் வந்தது. ஜன்னல் திரையின் கரை கோணல் என்றார். நர்ஸம்மாவின் காலர் ஒரு பக்கம் பெரிது என்றார். நோயாளிக்குக் கொடுக்கும் அங்கிக்கு முதுகு எங்கே போயிற்று என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துச் சிரித்து, சிரிக்க வேண்டாம் என்று அவருக்கு உத்தரவு போடும்படி ஆனது.

ஒருநாள் டாக்டர் கட்டுப் பிரித்தபோது மாமா கண்ணாடி கேட்டு வாங்கித் தன் காயத்தைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, கோவிச்சுக்கக் கூடாது. தையல் இடைவெளி அதிகமா இருக்கு."

"வேணும்னுதான் மாஸ்டர். கிருமி இருந்த இடம் இது. நெருக்கமா தைச்சா அழுக்கு உள்ளயே தங்கிடும். வடியட்டும்னு விட்டிருக்கேன்."

மாமா கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் சொன்னது தப்பு. இது நல்ல தையல்," என்றார். இருபது வருஷத்தில் என்னிடம் ஒருமுறை இப்படிச் சொல்லியிருப்பாரா? வயிறு எரிந்தது. சந்தோஷமாகத்தான் எரிந்தது.

ரத்தம் சுத்தம் என்று வந்ததும் புதிய பேஸ்மேக்கரை வலது பக்கம் வைத்தார்கள். நினைவு தெளிந்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி: "புது மாப்பிள்ளை வலது பக்கம்தானே? அப்ப இடது பக்கம் ஊசி குத்திக்கலாமா?"

"எந்தப் பக்கமும் கூடாது! ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்," என்றார் டாக்டர், என் சட்டையையும் பார்த்து. "எங்க குத்தினாலும் ரத்தத்துலதான் போய்ச் சேரும். ரத்தம் எங்க போகும்?"

"மாப்பிள்ளை வீட்டுக்கு," என்றார் மாமா பவ்யமாக. கிளம்பும்போது டாக்டரின் கோட்டில் சரிந்த தோளை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒருநாள் கடைக்கு வாங்க டாக்டரம்மா. என்னால இதப் பாத்துக்கிட்டு உயிரோட இருக்க முடியாது," என்றார்.

மாமா தெம்பாகும் வரை நான் ஒருவனே சிவப்புக் கோட்டுகளோடு மல்லுக்கட்டினேன். அக்கா எங்கள் இருவருக்கும் பஞ்சு அடைத்த குட்டி மெத்தை தைத்து, மணிக்கட்டில் கட்டிக்கொள்ள நாடா வைத்தாள். ஊசி இனிமேல் அதில்தான். மாமா மெஷினுக்குத் திரும்பிய பிறகு கடையில் ஒரே சத்தம்தான் கேட்கும். அவர் கை ஊசியோடு நெஞ்சுக்குப் போகும். "கை!" என்று அக்கா கத்துவாள். "கை!" என்று நானும் கத்துவேன். சாவிக்காரர்கூடச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "கை!" என்பார். கை பாதியில் நிற்கும். மாமா, "பழைய வீட்டுக்குப் போகுது மச்சான்," என்று சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். கத்தாத ஒரு நேரம் வந்தால் என்ன ஆகும் என்றே எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் டாக்டர் வந்த அன்று வந்தது. புது வெள்ளைக் கோட்டுக்கு டிரையல். நான் வெட்டி வைத்திருந்தேன். மாமா வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் காத்திருந்தேன். "கழுத்து கொஞ்சம் இறங்கியிருக்கே," என்றார். எனக்கு அதைவிட இனிப்பான வார்த்தை காதில் விழுந்ததில்லை.

மாமா டாக்டரைக் கண்ணாடி முன் நிறுத்தி, கோட்டுத் தோளைப் பிடித்துக் குண்டூசி குத்தினார். ஒன்று அதிகமாகிவிட்டது. அதை உருவினார். கண் தோளிலேயே இருந்தது. கை மேலே எழுந்தது. அக்கா வாயில் நூல் வைத்திருந்தாள். எனக்கு டாக்டர் முன்னால் சத்தம் வரவில்லை. கண்ணாடியில் டாக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். கை நெஞ்சருகே போனது. போய், தானாகவே திரும்பி, இடது மணிக்கட்டு மெத்தையில் ஊசியைக் குத்திவிட்டு வந்தது. மாமா கவனிக்கவே இல்லை. "தோள் இப்ப சரியாயிடுச்சு," என்றார்.

அக்கா நூலைத் துப்பிவிட்டு அழுதாள். டாக்டர் கைதட்டினார்.

"என்ன? என்ன ஆச்சு? தோள் நல்லா இல்லையா?" என்று மாமா பதறினார்.

"மனுஷனா நீங்க? எங்க உயிர எடுக்கிறீங்களே!" என்று நான் பாய்ந்து போய் அவரைக் கட்டிக்கொண்டேன்.

"மெதுவா! மெதுவா! மாப்பிள்ளை வலது பக்கம்!" என்று கத்தினார் டாக்டர். அப்புறம் என் நெஞ்சைக் காட்டி, "மாஸ்டர்ங்க ரெண்டு பேருக்கும்தானே சொன்னேன்?" என்றார்.

குனிந்து பார்த்தேன். இத்தனை வாரம் ஊரைக் கூட்டிக் கத்திய என் சட்டையில், இடது பக்கம், வரிசையாகக் குண்டூசி. மணிக்கட்டு மெத்தை காலியாக இருந்தது.

"பழக்கம்..." என்றேன். "எனக்கு உள்ள ஒண்ணும் இல்லையே மாமா. குத்தினா என்ன?"

"பேசாம நில்லு," என்றார் மாமா. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, என் நெஞ்சுக்கு நேரே குனிந்து, தையல் பிரிக்கும் நிதானத்தோடு ஒவ்வொரு ஊசியாக எடுத்துத் தன் மணிக்கட்டு மெத்தையில் குத்திக்கொண்டார். ஒன்று சட்டைக்குள்ளேயும் போயிருந்தது. அதற்கு மட்டும் விரலை உள்ளே கொடுத்து, என் மேல் படாமல் எடுத்தார்.

நான் திட்டுவதற்கு ஒரு வார்த்தை தேடினேன். அன்றைக்கு ஒன்றுமே வரவில்லை.